காரீயம் இரண்டில் நிற்கும்

இன்வெர்ட்டர் பாட்டரி செத்துப்போய்விட்டது. வெள்ளறடையிலிருந்து ஆட்டோவில் வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து, "உள்ள வெள்ளை படிஞ்சு போச்சு சாரே, இனி சார்ஜ் ஏறாது" என்றார். அமில நெடி மூக்கில் ஏறியதுமே எனக்குப் பாறசாலை பாரலல் காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. என்ன செய்ய, வேதியியல் வாத்தியாரின் மூக்கு அப்படி.

காலேஜ் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். தகரக் கூரை, மூங்கில் தட்டி போட்ட தனிப்பயிற்சிக் கூடம். பக்கத்து வகுப்பின் மலையாள இலக்கணம் எங்கள் கரும்பலகை வரைக்கும் கேட்கும். வேதியியலுக்கு நானும் ஸ்டெல்லா டீச்சரும். பூவார்க்காரி. அப்பா வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து பிள்ளைகள் கையில் கொடுப்பாள்.

"மக்கா, அட்டவணையில மேல இருக்க கார்பன் நாலு எலக்ட்ரானையும் இறக்கி விளையாடும். கீழ போகப் போக அதில ரெண்டு அனங்காது, இருந்த எடத்த விட்டு அசையாது. இந்தக் காரீயத்துக்கு ரெண்டில நிக்கதுதான் சொகம். மந்த இணை, அதாக்கும்."

பிள்ளைகள் குண்டை முகர்ந்துவிட்டு மீன் நாறுது என்று சிரிக்கும். எனக்கு அவளை ரொம்பவே பிடிக்கும்.

அவளுக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது கேட்டாள்: "அங்க இன்னொரு வாத்தியாருக்கும் ஒழிவு உண்டு சாரே. நீங்களும் வாறீங்களா?"

அவள் கேட்டது வேலையைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்குத் தெரியாமலா? கோயில் கொடைக்குப் பிரிவுப் பணம் கொடுக்கிற வீட்டில் பூவார் சர்ச்சுத் திருநாள் பேச்சை எப்படி எடுப்பது? பயம்தான், வேறென்ன. "நான் மந்த இணை, டீச்சர். அனங்க மாட்டேன்" என்று சிரித்தேன். சிரிப்பு வேறு!

அவள் சிரிக்கவில்லை. "இணைன்னா ரெண்டு பேராக்கும் சாரே" என்றாள். பூவார் பஸ் வந்தது. "வாறேன்" என்று ஏறிவிட்டாள்.

பாட்டரியில் ஒரு தகட்டின் ஈயம் நாலு என்ற நிலையில் இருக்கும், மற்றதில் வெறும் ஈயம். அந்த வித்தியாசம் இருக்கும்வரைதான் விளக்கு எரியும். இரண்டு தகடும் இரண்டு என்ற நிலைக்கே வந்து உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. இதைத்தானே நிலைப்புத்தன்மை என்று அடிக்கோடு போட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன், பாவி.

காலேஜ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பூவாரில் அவள் வீட்டுக் கரையில் ரிசார்ட். அவள் மஸ்கட்டிலேயே குடும்பமாகிவிட்டாள் என்று கேள்வி.

மெக்கானிக் பாட்டரியைத் தூக்கப் பார்த்து நிமிர்ந்தார். "நல்ல கனம் உண்டு சாரே. ஒரு கை பிடிக்க வீட்டில வேற ஆளு உண்டா?"

"இல்லப்பா. நான் ஒருத்தன்தான்" என்று மறுபக்கத்தைப் பிடித்தேன்.