குதிரை வயிற்றில் கேட்ட சத்தம்

நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் முதலில் வருகிறவருக்குக் கைதட்டல், கடைசியில் வருகிறவருக்கு அனுதாபம், நடுவில் நின்று குதிரையைச் சோதிக்கிறவனுக்கு வசவு. அந்த மூன்றாவது ஆள் நான்.

வாரம் முழுக்க கண்டியில் மிருக வைத்திய அலுவலகம் ஒன்றில் உதவியாளன். மாடு, ஆடு, கடிக்கிற நாய். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டொக்டரோடு அம்பிட்டியப் பக்கம் ஒரு குதிரைக் கிளப்பின் ஓட்டத்துக்குப் போவேன். தேயிலை மலையையும் பைன் காட்டையும் சுற்றி நாற்பது கிலோமீற்றர், இரண்டு சுற்றாக. முதல் சுற்று முடிந்து வரும் குதிரையைப் பார்த்து, அதன் கார்டில் நாங்கள் 'சரி' போட்டால்தான் அடுத்த சுற்று. பரீட்சை மண்டப வாசலிலோ, ஆஸ்பத்திரி வார்டு வாசலிலோ நின்று "நீங்க போக முடியாது" என்று சொல்லி, அதற்காக ஊரார் வாயில் விழுந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பக்கத்தில் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூற்றாறு

முதல் நாள். சட்டம் சுலபம் என்று டொக்டர் சொல்லித் தந்திருந்தார். ஓடி வந்த குதிரையின் இதயத் துடிப்பு அரை மணிக்குள் நிமிஷத்துக்கு அறுபத்து நாலுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் குதிரை வீட்டுக்கு. முதல் குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். தொண்ணூற்றாறு. இன்னொரு தரம் எண்ணினேன். அதே தொண்ணூற்றாறு. குதிரையோ புல்லை மென்றுகொண்டு என்னை வேடிக்கை பார்த்தது. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. சேணத்தைக் கழற்றச் சொல்லி, தண்ணீருக்கு ஆளை விரட்டி, மைதானத்தையே இரண்டுபடுத்திவிட்டேன்.

டொக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக் கேட்டார். நாற்பத்தெட்டு. இளைப்பாறிய குதிரையின் இதயம் மெதுவாக அடிப்பதால் 'லப்' தனியாகவும் 'டப்' தனியாகவும் கேட்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. நான் இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்க மாட்டார். கார்டைத் திருத்திக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "பயத்தில நிப்பாட்டினது பெரிய பிழையில்லை. பயத்தில விட்டாத்தான் பிழை."

புல்லும் தாரும்

வடிவேல் முதலாளி கண்டி டவுனில் மொத்த வியாபாரி. நுவரெலியா ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு வெள்ளைப் பெண் குதிரையை மகள் தாரிணிக்காக வாங்கியிருந்தார். மல்லிகா என்று பெயர் வைத்து, வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வளர்த்தார்கள். ஓட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் முதலாளிக்கு அது பிள்ளை என்பது மறந்துவிடும்.

நொண்டல் இருக்கிறதா என்று பார்க்க, குதிரையைக் கெட்டியான தரையில் நேராக ஓடவிட்டுப் பார்ப்போம். முதலாளி புல்லில்தான் ஓடவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மெத்தென்ற புல்லில் நொண்டல் ஒளிந்துகொள்ளும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசியில் தார் ரோட்டில் ஓடவைத்தோம். வலது முன்கால் ஊன்றும் ஒவ்வொரு தரமும் மல்லிகாவின் தலை மேலே போனது; அந்தக் கால் வலிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் 'சரி' போடவில்லை. தாரிணி குதிரையை நடத்திக்கொண்டு போய்விட்டாள். முதலாளி போகவில்லை. இன்னொரு தரம் மல்லிகாவைத் திருப்பி அனுப்பினால் அலுவலகத்துக்கு என்மேல் புகார் எழுதுவதாகச் சொன்னார். எழுதக்கூடியவர்தான். அந்த வருஷம்தான் என் பதவி உயர்வுக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் அவர் விட்ட கடைசி வார்த்தை: "என் குதிரைக்கு நொண்டல் இல்ல சேர், உங்க ரோட்டுக்குத்தான் நொண்டல்!"

நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத பஸ்

அடுத்த ஓட்டத்துக்கு மல்லிகா கால் குணமாகி வந்தாள். முதலாளி சொந்தக்காரர்களை ஒரு வாடகை பஸ்ஸில் நிரப்பிக் கூட்டி வந்திருந்தார். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமென்று டிரைவர் எஞ்சினை ஓடவிட்டபடியே பஸ்ஸை எங்கள் சோதனை இடத்துக்குப் பின்னால் போட்டிருந்தார். அன்று மலையிலும் வெயில் கொளுத்தியது. மல்லிகா முதல் சுற்றை முடித்து, ஓய்வெடுத்து, புறப்பட நின்றாள். டொக்டர் மைதானத்தின் மறுபக்கம் வேறொரு குதிரைக்குக் காயம் கட்டிக்கொண்டிருந்தார். இங்கே நான் மட்டும்.

துடிப்பு அறுபது. நல்லது. அடுத்தது குடல். வெயிலில் ஓடும் குதிரைக்கு இரத்தமெல்லாம் தசைக்குப் போய், குடல் அசையாமல் நின்றுவிடுவதுண்டு. அதோடு மேலும் ஓடவிட்டால் குதிரை செத்தும் போகலாம். அதனால்தான் வயிற்றிலே சத்தம் கேட்கிறதா என்று பார்ப்போம். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். குர்ரென்று தாராளமாகச் சத்தம். தலைக்கு மேல் முதலாளியின் மூச்சு வேறு கேட்டது. 'சரி' போட்டேன். அன்று எந்தக் குதிரைக்கும் அவ்வளவு சந்தோஷமாக நான் 'சரி' போடவில்லை.

மல்லிகா தாரிணியோடு போய்விட்டாள். அடுத்த குதிரைக்கு வைத்தேன். அதே குர். அப்போது பின்னால் பஸ் இரண்டு தரம் இருமி, தானாகவே நின்றுபோனது. குதிரையின் வயிறும் அதே நொடியில் நின்றுபோனது! நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, போத்தலில் இருந்து தண்ணீர் ஊற்றுவது போலச் சின்னதாக ஒரு களக். அதுதான் குடலின் சத்தம். மல்லிகாவிடம் அந்தக் களக்கை நான் கேட்கவே இல்லை.

அரை நிமிஷம் சும்மா நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது, அவளுக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று மனசு கணக்குப் போட்டது. பிறகு வெட்கமாக இருந்தது. டொக்டரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி எண்டு போட்டது நீங்கள். அழிக்கப் போறதும் நீங்கள்தான். ஓடுங்கோ!"

பைன் காட்டுச் சந்தி

தண்ணீர்க் கேன் கொண்டுவரும் நஸீர் நானா கட்டுகஸ்தோட்டைக்காரர். அவருடைய த்ரீவீலில் ஏறினேன். குதிரைப் பாதை பைன் காட்டுக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் ரோட்டைக் கடக்கும். மல்லிகா அதைக் கடப்பதற்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர வேண்டும். தாரிணி சவாரியில் போன் கொண்டுபோக மாட்டாள், காட்டுக்குள் சிக்னலும் இல்லை. நானா வளைவுகளில் வண்டியைத் திருப்பின வேகத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சந்தியில் இறங்கி மண்ணைப் பார்த்தால் குளம்படிகள். முதல் சுற்றிலே பதிந்ததா, இப்போது பதிந்ததா? தெரியவில்லை. அவள் தாண்டிப் போயிருந்தால் இனி எட்டு கிலோமீற்றருக்கு யாரும் பிடிக்க முடியாது.

பத்து நிமிஷம் நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷத்தைப் பார்த்ததில்லை. அப்புறம் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. நடுப்பாதையில் இறங்கிக் கையை விரித்து நின்றேன்.

"தள்ளுங்க அங்கிள்! நீங்கதானே சரி போட்டீங்க?"

"போட்டேன்மா. தப்பு. பஸ் சத்தத்தைக் கேட்டுட்டுப் போட்டுட்டேன்."

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது? நானாவிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை அவள் காதிலேயே மாட்டி, மல்லிகாவின் வயிற்றில் வைத்தேன். கடிகாரத்தில் முழு ஒரு நிமிஷம். அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது. மல்லிகா கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள், முன்காலால் மண்ணைக் கீறினாள்; குதிரைக்கு வயிற்றுவலி என்றால் அப்படித்தான் செய்யும். தாரிணி சேணத்தின் வாரை அவிழ்க்கத் தொடங்கினாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க டொக்டரைக் கூட்டிட்டு வாங்க, அங்கிள்."

முதலாளியின் கை

நானா போய் டொக்டரைக் கூட்டி வந்தார். பின்னாலேயே முதலாளியும் வந்தார். சந்தியில் இறங்கும்போதே சத்தம். முதல்ல சரி, அப்புறம் பிழையா, நாளைக்கே எழுதுறேன் பாருங்க என்று ஆரம்பித்தவரை டொக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைன் குழாயைக் குதிரையின் கழுத்து நரம்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: குடல் அசையத் தொடங்கினால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. சேலைன் பையைத் தொங்கவிடக் கிளை எதுவும் எட்டவில்லை. முதலாளி பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

மல்லிகா படுத்துப் புரளப் பார்க்கும்போதெல்லாம் தாரிணி கயிற்றைப் பிடித்து நடத்தினாள். அப்பா பையோடு பக்கத்திலேயே நடந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் காது வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி ஒன்றுமில்லை. ஒவ்வொரு தரமும் மூன்று பேர் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கு எப்படி முகம் காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. நாலு மணி இருக்கும். களக். எனக்கே நம்பிக்கை வராமல் டொக்டரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மல்லிகா வாலைத் தூக்கினாள்.

வெள்ளைச் சட்டை முதலாளி, மூட்டை தூக்கக்கூட ஆள் வைத்திருக்கிறவர், குனிந்து அந்தச் சாணத்தைக் கையில் அள்ளினார். "போட்டிருச்சு! பாருங்க, சுடச்சுடப் போட்டிருச்சு!" தாரிணி குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதில் என்ன வெட்கம்?

கையைப் புல்லில் துடைத்துவிட்டு முதலாளி என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னிடம் மட்டும் கேட்டார்: "நான் எழுதிப் போடுவேன்னு பயந்துதானே சேர், பஸ்ஸை வயிறுன்னு கேட்டீங்க?"

அன்றிலிருந்து குதிரை வயிற்றில் காது வைக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறேன், பக்தி என்று சிலர் நினைக்கிறார்கள்; அது குதிரையின் சொந்தக்காரர் முகம் தெரியாமல் இருக்கத்தான்.