காலையில் வந்துபோன வலிப்பு

ஓட்டம்

அறுவை அரங்கின் கதவு திறந்ததும் நர்ஸ் நீட்டிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். மூளைத் திசு ஆய்வகத்தில் எங்கள் வேலை பாதி காத்திருப்பு, பாதி ஓட்டம். வெளியே எடுத்த திசுவில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், அதற்குள் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். அவசரத்தில் லிஃப்டுக்காக நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

கிண்ணத்தில் இருந்தது செல்வியின் மூளையில் வலிப்பு கிளம்பும் இடத்தில் ஒரு துண்டு, மொச்சைக்கொட்டை அளவு. தாராவியில் தோல் பை தைப்பவள். தைக்கும்போது வலிப்பு வந்து ஊசி விரலில் இறங்கியதிலிருந்து முதலாளி அவளை மிஷின் பக்கம் விடவில்லை. மாத்திரைகள் பலிக்காமல்தான் அறுவைக்கு வந்தாள். எடுப்பதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று முந்தின நாள் கேட்டபோது செல்வி சொன்னாள்:

"சின்னப் புள்ளையிலேருந்து என்னைப் பாடாப் படுத்துனது. இனி நீங்க கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

தூங்காதவை

எல்லாச் செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். எது எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும், நாங்கள் அளப்பது அதை. வலிப்பு வந்த சில நிமிடங்களில் சில மரபணுக்கள் விழித்து, சீக்கிரமே அடங்கிவிடும். அவை எழுப்பிவிட்ட வேறு சில மணிக்கணக்கில் ஓயாது.

செல்வியின் திசுவில் அந்த இரண்டாம் கூட்டம் ஏராளமாக இருந்தது. அந்த இடத்தின் ஓரத்திலிருந்து எடுத்த இன்னொரு துண்டில் அவ்வளவு இல்லை. மயக்க மருந்தில் அவள் கிடந்தபோதும் இவை தூங்கவில்லை. அந்த வாரம் வலிப்பே இல்லை என்றுதான் வார்டில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆய்வகத் தலைவர் ஜானகி மேடம், மும்பை மாதுங்காக்காரர், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலம்பற ஒண்ணு வந்திருக்குன்னு தோண்றது. ஆத்துக்காரர்கிட்ட யாராவது கேட்டேளா?"

போர்வை

தையல் பிரிக்க வந்த அன்று அவள் புருஷன் முருகேசனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். விடியும்போது சின்னதாக ஒன்று வந்ததாம். சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்கள் என்று போர்வையை இழுத்து மூடி, அடங்கும்வரை மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அதனால் ஆபரேஷன் கெட்டுவிட்டதா என்றான். இல்லை, ஆனால் மறைத்தது ஆபத்து என்றேன்.

போகும்போது கேட்டான்: "போர்வைக்குள்ள நடந்தது அம்புட்டூண்டு துண்டுக்கு எப்படிண்ணே தெரியும்?"

பஸ்

மழைக்காலம் முழுக்க வலிப்பு வரவில்லை. மாத்திரையை விடக்கூடாது, இன்னும் பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டாப்பில் இருவரையும் பார்த்தேன். மிஷினில் உட்கார விட்டார்களா என்று கேட்டேன்.

"இப்போதைக்குக் கத்திரிதான் குடுத்திருக்காவ. வெட்டுற எடத்துக்குக் கிட்டத்துலதானே மிஷினும் இருக்கு, ஏறி உக்காராம விடுவேனா?" என்றாள் செல்வி.

ஆஸ்பத்திரியையே ஏமாற்ற ஒரு போர்வை போதும், ஒரு மொச்சைக்கொட்டையை ஏமாற்ற முடியாது என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது. பஸ் வந்தது; மூவரும் ஏறினோம். இருந்த ஒரே சீட்டைச் செல்வி முருகேசனுக்குக் காட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.