அமாவாசையன்று பதிந்த வர்ணம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது அந்த வீட்டு வயரிங் எத்தனை வருஷத்துப் பழசு என்பதைத்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். காரணம் தெரியாத சத்தம் கேட்டால் இருக்கக்கூடிய காரணங்களையெல்லாம் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன், கடைசியில் ஒன்று மிஞ்சும், அநேகமாக ஒரு லூஸ் கனெக்‌ஷன். ஒரே ஒரு தடவைதான் எதுவும் மிஞ்சவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி தறிக்கு, மீதி எங்களுக்கு. அப்பா நெய்வார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சேலையின் கரைக்கு நூல் சுற்றிய நாடாவை வீசுவாள். நான் பகலில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன், மற்ற நேரமெல்லாம் வயலின். வானொலித் தேர்வில் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள், இரண்டு முறையும் ஒரே குறைதான்: காலப்பிரமாணம் நிற்கவில்லை, ஓடுகிறது. ஸ்ருதி சுத்தம், விரல் சுத்தம், வேகம் மட்டும் கைக்கு அடங்கவில்லை.

மெட்ராஸில் ஒரு வயலின் அம்மா இருந்தார். பெயர் வேண்டாம். அவர் கச்சேரியை ரேடியோவில் கேட்டுத்தான் நான் வில்லையே தொட்டேன். லயத்தில் அப்படி ஒரு பிடிவாதம், யாரையும் லேசில் பாராட்டவும் மாட்டார். அவரிடம் ஒரே கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். என் காலம் தேறுமா, தேறாதா? தேறாது என்று சொன்னால் வயலினை மூடி வைத்துவிடுவேன்.

கடையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை முதலாளி என்னிடம் தள்ளி, "ஓட வெச்சியின்னா நீயே எடுத்துக்கோம்மா" என்றார். ஓட வைத்தேன். ஆனால் எங்கள் தெருவில் விடிந்தால் தறிச்சத்தம், மைக்கை எங்கே வைத்தாலும் தறிதான் பதியும். மாதத்தில் ஒரே நாள் எல்லாத் தறியும் நிற்கும், அமாவாசை. அதனால் அமாவாசைதோறும் காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தேன். பதினோரு அமாவாசை. ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்ப்பேன், வேகம் ஓடியிருக்கும், அழித்துவிடுவேன்.

பன்னிரண்டாவதில் ஒரு தீர்மானம் செய்தேன், முழுதும் கேட்கக் கூடாது, கேட்டால் மறுபடி அழிப்பேன். அப்பா தர்ப்பணம் கொடுக்கக் குளத்துக்குப் போயிருந்தார், அம்மா தாமலில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். முந்தின நாள்தான் சேலையை அறுத்து எடுத்திருந்தார்கள், தறியில் பாவு நூலே இல்லை, வெறும் மரச்சட்டம். அதை ஒட்டித்தான் உட்கார்ந்து ஆதி தாள வர்ணம் ஒன்றை வாசித்து முடித்தேன். சத்தத்தின் அளவு சரியா என்று முதல் ஒரு நிமிஷம் மட்டும் போட்டுக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. பெட்டியில் கட்டி, கேள்வியையும் எழுதி வைத்து, தபாலில் சேர்த்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து டேப் திரும்பி வந்தது, கூடவே அவர் கையெழுத்தில் ஒரு கடிதம். "தேறும். ஆரம்பத்தில் ஓடப் பார்த்தாய், தறிச்சத்தம் வந்ததும் நின்றாய். நடுவில் நூல் அறுந்து தறி நின்றதே, அப்போதும் நீ நகரவில்லை. தறியில் இருந்தவர்களுக்கு என் நமஸ்காரம். ஒரு நாள் நேரில் வந்து வாசி."

முதல் சொல்லைப் படித்த சந்தோஷம் இரண்டாவது வரி வரைக்கும்தான் இருந்தது.

டேப்பைப் போட்டேன். முதல் நிமிஷம் நான் மட்டும். அப்புறம், நம்பினால் நம்புங்கள், வில்லுக்கு அடியில் தெளிவாக ஒரு தறி ஓடுகிறது, ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழுகிறது, ஓரிடத்தில் நின்று, மறுபடி அதே காலத்தில் தொடங்குகிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். தலையைச் சாய்த்து, வயலினை விட்டுத் தறியை மட்டும் கேட்டார்.

"இது நம்ம தறிம்மா. வலது பக்கம் ஆப்பு தளர்ந்து கிடக்குது பாரு, அந்தச் சத்தம். ரெண்டு பேர் குந்திக்கினு உடம்பையும் கரையையும் சேர்த்துக் கோர்வை போடறாங்க."

"அன்னைக்கு அமாவாசைப்பா. தறியில பாவே இல்ல."

அவர் எழுந்து போய் அந்த ஆப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நிறுத்திடும்மா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் அந்த ஆப்பை இறுக்கி அடித்தார்.

நான் தாளை எடுத்தேன். பழைய பதிவின் மிச்சமா? அந்த டேப்பில் எந்த நாளும் தறி பதிந்ததில்லை. பக்கத்து வீடா? அன்று தெருவே ஓய்வு. மோட்டார் தட்டுகிறதா? வேறு டேப்பில் தட்டவில்லை. என் காலம் நின்றது டேப் ஓடும் வேகம் மாறியதாலா? அப்படியென்றால் ஸ்ருதியும் மாறியிருக்க வேண்டும், அது இம்மி நகரவில்லை. எல்லாவற்றையும் அடித்தேன், தாளில் எதுவும் மிஞ்சவில்லை.

பயத்தைவிட எனக்கு ரோஷம்தான் அதிகம். கிடைத்த ஒரே பாராட்டில் பாதி வேறு யாருக்கோ என்றால் அதை நான் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. இரண்டு மாதம் தினமும் விடியுமுன் எழுந்து, தறி தொடங்குவதற்குள் சாதகம் செய்தேன். பிறகு ரயிலேறினேன்.

காலை பத்து மணி, மெட்ராஸில் அவர் வீட்டில் வெயில் கொட்டுகிற மாடி அறை, அந்த வட்டாரத்தில் தறி என்ற பேச்சே கிடையாது. உள்ளதை அப்படியே சொன்னேன், அன்று தறியில் யாருமில்லை, உங்கள் நமஸ்காரத்தை யாரிடமும் சேர்க்க முடியவில்லை என்று. அவர் சிரிக்கவில்லை. "அப்படியா? சரி, வாசி" என்று தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

வாசித்தேன். என் வில்லைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை, காலம் தூண் மாதிரி நின்றது, எனக்கே தெரிந்தது. முடித்து வில்லை இறக்கப் போனபோது அவர் இடது கையை உயர்த்தினார்.

"இரு. அவங்க இன்னும் முடிக்கலை."

வலது கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. வழக்கம்போல எண்ணினேன், எட்டு அட்சரம், ஒரு முழு ஆவர்த்தனம். பிறகு கையை மடியில் வைத்தார்.

"டேப்புல நீ அவங்களைப் பிடிச்சிக்கிட்டு போன. இன்னைக்கு அவங்க உன்னைப் பிடிச்சிக்கிட்டு வந்தாங்க. இனி உன் காலத்தைப் பத்தி யார்கிட்டயும் கேட்காத."

மூன்றாவது தேர்வில் தேறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை, ஒன்றிலும் எனக்குத் தறிச்சத்தம் கேட்டதில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் முடித்ததும் வில்லை இறக்காமல் எட்டு எண்ணுகிறேன். எட்டாவதில், நான் உட்கார்ந்திருக்கும் பலகை அடியிலிருந்து ஒரே ஒரு முறை லேசாக அதிர்கிறது.