டைம்கீப்பர் இல்லாத வகுப்பு

முப்பத்துமூன்று வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன் நான். விசில் ஊதினால் வண்டி நகர வேண்டும். நகராவிட்டால் டிரைவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் என் வாயில் விழுந்து எழுந்துதான் போவார். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குணத்தை வீட்டில் காட்ட வழியில்லை. அங்கே என் மனைவி எனக்கும் மேலான டைம்கீப்பர். ஆகவே எல்லாவற்றையும் கொண்டுபோய் வகுப்பில் காட்டினேன்.

வகுப்பு என்றால் எங்கள் முதியோர் வகுப்பு. அறுபது தாண்டிய யாரும் வரலாம். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, சம்பளம் வாங்கும் ஆள் ஒருவரும் கிடையாது. ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மாடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தை உரிமையாளர் எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்கு வகுப்பு, முகூர்த்த நாளில் விடுமுறை. ஆடி பிறந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், மண்டபம் முழுக்க எங்களுடையது. நீள மேஜைகளில் பந்திக்கு உட்காருவதுபோல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, வானத்தில் எது கிரகம், எது நட்சத்திரம், போனில் பேசுகிறவன் மோசடிக்காரன் என்று கண்டுபிடிப்பது எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருப்போம்.

பேராசிரியர், டாக்டர், வக்கீல் என்று பேச ஆள் பிடிப்பது நான். கூடத்தின் சாவி என்னிடம். பேச வருபவர்கள் அத்தனை பேருடைய நம்பரும் என் சட்டைப்பை நோட்டில். யாராவது வந்து, நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டால், நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன் என்று அனுப்பிவிடுவேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து அடித்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

எங்கள் வகுப்பில் சாயப்பட்டறைக் குடும்பத்து அக்கா ஒருவர் உண்டு. வீட்டில் சௌராஷ்டிரம், வீதிக்கு வந்தால் மதுரைத் தமிழ். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர். எல்லாரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்பவரும் அவர்தான், ஒரு நாளும் நேரத்துக்கு வராதவரும் அவர்தான். எழுபது வயதுக்காரி என்றும் பாராமல் ஒருநாள் அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பாடத்தைக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வகுப்புக்கும் தாமதமாகத்தான் வந்தார். எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

போன வருஷம் என் இடது முழங்கால் மொத்தமாக மக்கர் பண்ணியது. மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும், மூன்று மாதம் வெளியே அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி வைக்கப்போவது என் காலில், கவலை முழுக்க வகுப்பின் மேல். யோசித்து யோசித்து, ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தேன். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிடுகிற மனிதர். அவருக்கு நாலு பக்கம் வழிமுறை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்பர் நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. அது என் தலையணைக்கு அடியில் இருந்தது.

திருமங்கலத்தில் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே வகுப்பை நடத்தினேன். போனில் எங்களுக்கென்று ஒரு குரூப் உண்டு. அதில் ஓயாமல் எழுதினேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லவும். நேற்று தாமதம் யார் யார்? யாரோ ஆசையாக வகுப்புப் படம் ஒன்றைப் போட்டார்கள். கடைசி வரிசையில் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கவனிக்கவும் என்று அதற்குக் கீழே எழுதினேன்.

மூன்றாவது வாரம் பாங்க் மேனேஜர் பெங்களூரிலிருந்து பேசினார். மகன் வீட்டில் ஆள் இல்லை, அவசரமாகக் கிளம்பி வர வேண்டியதாகிவிட்டது, திரும்ப ஆறு மாதம் ஆகும் என்றார். சாவி எங்கே என்று கேட்டேன். சாயப்பட்டறை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். எனக்குத் தலை சுற்றியது. தானே நேரத்துக்கு வராத ஆள், பூட்டை எப்போது வந்து திறப்பது?

அதற்கப்புறம் குரூப் அமைதியாகிவிட்டது. படம் இல்லை, அறிவிப்பு இல்லை. தினமும் விடிந்ததும் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லும் ஆட்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களும் நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ முறை அவர்களை நான் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த ஒரு ரோஜாப்பூவுக்காகப் போனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

மனசு கேட்காமல், வகுப்புக்கு வரும் பருத்தி விவசாயி ஒருவருக்குப் போன் போட்டேன். எங்கள் திருமங்கலத்துப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், பொய் சொல்லத் தெரியாதவர்.

“நடக்குதுண்ணே. நீங்க காலைப் பாருங்க” என்றார்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். அம்புட்டுப் பேரும் வந்தாங்க என்றார். பாடம் எடுத்தது யார் என்று கேட்டதும் டவர் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பாடம் எடுக்கிறவர்கள் நம்பர் எல்லாம் என் தலையணைக்கு அடியில். ஒரு ஆள்கூட என்னிடம் ஒரு நம்பர் கேட்கவில்லை. அப்படியானால் பாடமும் நடக்கவில்லை, வகுப்பும் நடக்கவில்லை. வகுப்பு முடிந்துபோயிற்று, படுத்திருப்பவனிடம் சொல்ல வேண்டாம் என்று மறைக்கிறார்கள்.

நீங்க காலைப் பாருங்க என்கிற அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என் மாமனார் இருதய நோயில் கிடந்தபோது அவருடைய தம்பி இறந்துபோனார். ஒன்றரை மாதம் மாமனாருக்குத் தெரியாமல் வைத்திருந்தோம். நல்லாருக்காரு, நீங்க உடம்பைப் பாருங்க என்று அவரிடம் மாறி மாறிச் சொன்னோம். அதைச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இப்போது அதே குரல் எனக்கு வருகிறது.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. மனைவியின் போன் அடுக்களையில் சிணுங்கிக்கொண்டே இருக்கும். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். யார் என்று கேட்டால் அவளுடைய அக்கா என்பாள். அந்த அக்காவுக்குப் போனில் பச்சைப் பொத்தானை அமுக்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

நான் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வகுப்பு இல்லாவிட்டால் எனக்கு வாரத்தில் கிழமையே இல்லை. எனக்காவது மனைவி இருக்கிறாள், பேச்சுத் துணைக்குச் சண்டை இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் சில பேருக்கு அடுத்த வகுப்பு வரும்வரை வாயைத் திறக்க வேலையே கிடையாது. அவர்களை இப்போது யார் கூப்பிடுவார்கள்? எல்லாவற்றையும்விட வலித்தது வேறு. வகுப்பைக் கொன்றது வேறு யாருமில்லை. சாவி, நம்பர், நேரம் எல்லாவற்றையும் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான் படுத்தால் அதுவும் படுக்கும்படி செய்துவைத்தவன் நான்தான்.

பதினோராவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலண்டரைப் பார்த்தேன், முகூர்த்தம் இல்லை. மண்டபத்துக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். டாக்டர் சொன்ன கெடு இன்னும் முடியவில்லை என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, இருங்க, நானும் வாரேன் என்று வந்து நின்றாள். கேள்வி கேட்காமல் அவள் கிளம்பியதில் என் சந்தேகம் உறுதியாயிற்று. பூட்டிய கதவைப் பார்த்து நான் விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வாடகைக் காரில் ஆரப்பாளையம் போனோம்.

மண்டபத்து மாடிப்படியில் கால் வைத்தேன். மேலே ஒரே சத்தம். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். போச்சு, கூடத்தை வேறு விசேஷத்துக்கு விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். முழங்கால் உயிரை எடுத்தது. மணி பத்தரை தாண்டியிருந்தது, கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே நம் ஆட்கள் எல்லாரும், எல்லாரும். சுவரில் பெரிதாக மழை மேகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பருத்தி விவசாயி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேற்கே இருந்து வருகிற மழை உசிலம்பட்டி வரைக்கும் வந்துவிட்டு ஏன் மதுரைக்கு வராமல் நின்றுபோகிறது என்பது பாடம். அவர் மலையைக் காட்டினார். ஒரு ரிட்டயர்டு நர்ஸ் காற்றுத்தான் காரணம் என்று எழுந்து நின்று சண்டை பிடித்தார். பந்தி மேஜையில் விரிக்கும் வெள்ளைத் தாளை நீளத்துக்கும் இழுத்துவிட்டு, அதில் ஆளாளுக்கு மலையும் அம்புக்குறியும் வரைந்து தள்ளியிருந்தார்கள். நடுவில் முறுக்குத் தட்டு வேறு. நான் இருந்தவரை வகுப்பில் தண்ணீர்கூட அனுமதி வாங்கித்தான் குடிக்க வேண்டும்.

பழக்க தோஷத்தில் தலையை எண்ணினேன். நான் விட்டுவிட்டுப் போனதைவிட அதிகம். நம் ஆட்களுக்கு நடுவே எனக்கு அடையாளமே தெரியாத புது முகங்களும் இருந்தன.

சாயப்பட்டறை அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துப் பதறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் போய் உட்கார்ந்தேன். கண்ணில் வந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறது, அது போதும், அது போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைய பாடத்தில் ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை.

முடிந்ததும் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள், காலைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன். விவசாயி அக்காவைப் பார்த்தார்.

“புதுசா ஒரு குரூப் ஆரம்பிச்சோம். உங்களச் சேக்கல, டைம்கீப்பர் தம்பி” என்றார் அக்கா. “படுத்துக்கிட்டே விசில் ஊதுனீங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கப் பயந்தாங்க. நாங்க என்ன பண்ண?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வகுப்பில் என்னைச் சேர்க்காமல் ஒரு குரூப்பா? பேச வருபவர்கள் நம்பரையாவது கேட்டிருக்கலாமே என்று குரலை உயர்த்தினேன். கேட்டால் நீங்கள் காலை இழுத்துக்கொண்டு இங்கே வந்து நின்றுவிடுவீர்கள், தைத்தது பிரிந்துபோகும் என்றார் அக்கா. அதனால் வெளி ஆள் வேண்டாம் என்று விட்டார்களாம். முதல் வகுப்பில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு நர்ஸ் எழுந்து காயத்துக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தாராம். அப்புறம் நான் நீ என்று போட்டியாகிவிட்டதாம். எந்த வேலைக்கும் இரண்டு ஆள் வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர். சாவி மட்டும் மூன்று பேரிடம். யார் வீட்டில் எந்த நேரத்தில் ஊருக்குப் போக வேண்டிவரும், யார் படுப்பார் என்று நம் வயதில் சொல்ல முடியுமா என்றார் அக்கா. எவ்வளவு எளிய விஷயம், எனக்கு எத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

அந்தப் புது குரூப்பில் முதல் நாளிலிருந்தே என் மனைவியும் இருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மகாராணி முறுக்கைக் கடித்துக்கொண்டு மழைப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் உங்களை அலையக் கூடாதுன்னாரு, அது மனசுக்கும் சேர்த்துத்தான் என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மனசில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதை அங்கேயே கேட்டுவிட்டேன். “அப்ப, நாளைக்கு நான் செத்துப்போனாலும் வகுப்பு நடக்கும்?”

என்ன பேச்சு இது என்று நர்ஸ் கடிந்துகொண்டார். விவசாயி மட்டும் கேள்வியை மரியாதையாக எடுத்துக்கொண்டு யோசித்தார்.

“நீங்க போனா ஒரு நாள் லீவு விடுவோம்ணே” என்றார். “எல்லாரும் மாலையோட வந்துருவோம். அடுத்த கிளாஸ் நடக்கும்.”

“செவ்வா, வெள்ளியில போனாத்தான் லீவு” என்று அக்கா திருத்தினார். “மத்த நாள்ல போனா எதுக்கு லீவு?”

முதலில் சிரித்தது நான்தான். பிறகு கூடமே சிரித்தது. முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தேன். திரும்பும்போது காரில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும், அப்படி ஒரு தூக்கம், மூன்று மாதத்தில் வராத தூக்கம். திருமங்கலம் வந்ததும் மனைவி தோளைத் தொட்டு எழுப்பினாள்.