கறுப்புக் கோட்டில் சுண்ணாம்பு

கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டு, நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார் கிளறன்ஸ். கறுப்புத் துணியெங்கும் வெள்ளைப் பொட்டுகள். தோளில் விழுந்ததற்கு உதட்டைப் பிதுக்குவார். நெஞ்சில் விழுந்ததற்கு, "செத்தேன்" என்பார். அப்புறம்தான் மனைவி பியட்றிஸ் அதைத் துடைக்கலாம்.

கிளறன்ஸ் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், என் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, பழங்கால வாள்வித்தைப் படப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிடித்தது பைத்தியம்! கூட ஆட அகப்பட்டவர் கண்டி டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த ஹபீல் நானா; நானா என்றால் அண்ணன். இருவருக்கும் ஆசான் அந்தப் படங்கள்தான். வாளுக்குப் பதில் பிரம்பு. நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொள்வார்கள். பட்ட இடம் வெளுக்கும்; பொய் சொல்ல வழியில்லை.

பாவம், வெளுத்ததெல்லாம் கிளறன்ஸ்தான். இரும்பு தூக்கிப் பழகிய நானாவின் கைக்கு இவர் எந்த மூலை? ஆபீசில் "வாள் துரை வாறாரு" என்று கேலி வேறு.

"ஒரே ஒரு தடவ நேர்மையா அவரத் தொட்டுட்டாப் போதுங்க. நானும் கத்துக்கிட்டேன்னு எனக்கே தெரியணும்ல?" என்று ஒருநாள் என்னிடம் வேலியோரம் சொன்னார்.

முப்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் திடீரென்று கோட்டில் பொட்டுகள் குறைந்தன. நானாவின் சட்டை வெளுக்கத் தொடங்கியது. கிளறன்ஸின் கால் தரையில் பாவவில்லை. ஆட்டம் முடிந்து அவர் தேத்தண்ணி நீட்டினால், நானா வேண்டாமென்று கையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

"தோத்த கோவம். தேத்தண்ணி எறங்குமா?" என்று மீசையைத் தடவினார் கிளறன்ஸ்.

பியட்றிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அட கர்த்தரே! அவருக்கு நோம்புங்க! விடியக்காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம வாறாரு. அவர அடிச்சிட்டா இந்தப் பெரும?"

ஊருக்கே தெரிந்த நோன்பு இந்த மனிதருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு அடங்கிவிட்டது. மறுநாள் நானாவிடமே கேட்டார்: "ஏன் நானா சொல்லல?"

"நோம்புண்டு சொல்லி அடியக் கொறக்கச் சொல்லவா, கிளாக்கர்? பெருநாள் வரட்டும். அப்ப பாப்பம்."

பெருநாளன்று மாலை இனிப்பு வட்டிலப்பக் கிண்ணத்தோடு வந்தார் நானா. கருநீலப் புதுச்சட்டை, இறைச்சிச் சோறு தின்ற தெம்பு.

"புதுச்சட்ட நானா, இன்னைக்கு வேணாம்."

"புடிங்க பிரம்ப!"

கொஞ்ச நேரத்தில் கிளறன்ஸின் கோட்டு தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெளுத்துப்போனது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா ஓங்கினார், கிளறன்ஸ் குனிந்து உள்ளே நுழைந்தார். நானாவின் நெஞ்சுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு.

கிளறன்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரம்பு கையைவிட்டு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"ஏலுமான மட்டும் தடுத்தேன், கிளாக்கர். இன்டக்கி நோம்பும் இல்ல" என்றார் நானா.

"ஐயோ, பெருநாள் சட்ட!" என்று ஈரத்துணியோடு ஓடிவந்தார் பியட்றிஸ். நானா வேண்டாமென்று கையமர்த்தினார். சால்வையை நெஞ்சுப் பொட்டு மறையாதபடி தோளுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு, மாமியார் வீட்டுப் பெருநாள் விருந்துக்கு டவுன் ரோட்டில் இறங்கி நடந்தார்.