ஒற்றைத் தேதியில் கிழக்குப் பக்கம்

ஹெல்மெட்டால் மண்டையில் அடித்தால் எப்படிச் சத்தம் வரும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொண்டேன். தேங்காயைப் படியில் அடித்த மாதிரி இருந்தது. அடி வாங்கியவர் எங்கள் சூப்பர்வைசர். அடித்தவன், வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்த பலகையின் காலிலேயே பைக்கைச் சாய்த்துவிட்டுப் போகப் பார்த்த ஒரு வாலிபன். நெற்றி கிழிந்து இரத்தம் புருவத்தில் இறங்குகிறது. சூப்பர்வைசர் இடது கையால் தன் காதைப் பொத்திக்கொண்டார். வலது கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அந்த உடைந்த நெற்றியாலேயே அவன் மூக்கில் ஒரு முட்டு முட்டினார். அவன் உட்கார்ந்துவிட்டான். அவர் அவனுடைய பைக்கை உருட்டிப் போய் வரிசையில் ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்து, புதிதாக வந்த பிள்ளை நீதானா, பில் மிஷினை வெயிலில் வைக்காதே என்று என்னிடம் சொன்னார். குரலில் ஒரு படபடப்பும் இல்லை. அப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

தூத்துக்குடியில் பழைய மார்க்கெட்டை ஒட்டிய தெரு அது. இரண்டு பக்கமும் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை, நடுவில் ஒரு மக்ரூன் கடை. ஒரு மினி லாரி உள்ளே வந்தால் எதிரே வரும் ஆட்டோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவரை நாங்கள் கண்ணால் கண்டது அபூர்வம். தெருவில் நின்றது இரண்டு பேர்தான். கழுத்தில் பில் மிஷினோடு நான், விசிலோடு அவர். நான் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயற்காட்டு ஊர்க்காரி. புருஷன் கையால் வாங்கிய அடி போதும் என்று துணிப்பையோடு கிளம்பி வந்தவள். அடிக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டு வந்து, அடிதடியே அன்றாடமாக இருக்கும் தெருவில் போய் வேலைக்கு நின்றேனே என்று பிறகு பல தடவை சிரித்திருக்கிறேன்.

வண்டி நிறுத்தும் இடத்துக்காக மனிதன் ஏன் இப்படி வெறி பிடித்து அலைகிறான் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் நல்லவன், கோயிலில் பக்திமான். ஆனால் இரண்டு முழம் தார் ரோட்டில் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்ட அடுத்த நொடியில் அந்த இடம் அவன் அப்பன் பாட்டன் பட்டா போட்டுக் கொடுத்த நிலமாகிவிடுகிறது. விரலிடுக்கில் வண்டிச் சாவியை வைத்துக் குத்துவார்கள். பைக் சங்கிலியைச் சுழற்றுவார்கள். கல்யாணப் பட்டுப்புடவை எடுக்க வந்த இரண்டு குடும்பங்கள், பெண்கள் உட்பட, புடவைப் பைகளாலேயே அடித்துக்கொண்டதை நடுவில் நின்று பார்த்திருக்கிறேன். நான் மட்டும் யோக்கியமா? பில் கொடுக்கும்போது இடுப்பில் கை வைத்த ஒருவனின் வாயில் மிஷினாலேயே ஒரு போடு போட்டேன். மிஷின் பிழைத்தது, அவன் முன்பல் பிழைக்கவில்லை. அந்தப் பல்லை நினைத்து ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

சூப்பர்வைசர் கடற்கரைத் தெருக்காரர். இளவயதில் சங்கு குளிக்கப் போனவர். ஆழத்தில் வலது காதுச் சவ்வு கிழிந்து, அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. இடது காதும் அரைகுறைதான். அதில் இன்னொரு பலமான அடி விழுந்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு காது அவருக்கு எதற்கென்றால், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகளுக்காக. தாயில்லாமல் இவர் வளர்த்த ஒரே பிள்ளை. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். போன் அடித்ததும் என்ன சண்டையாக இருந்தாலும் கையில் பிடித்திருக்கும் சட்டையை விட்டுவிட்டு ஜவுளிக்கடைச் சந்துக்குள் போய்விடுவார். திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவார். வலது கைக்காரன் அறைந்தால் அடி விழுவது நம் இடது பக்கத்தில்தானே. அதனால் சண்டை என்று வந்ததும் அவருடைய இடது கை தானாகக் காதுக்குப் போய்விடும். போனில் பேசிக்கொண்டே சண்டை போடும் ஆள் இவர் ஒருத்தர்தான் என்று தெருவில் கேலி செய்வார்கள். மண்டையை உடைக்கிறவன் உடைக்கட்டும், காதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்பார்.

அந்தத் தெருவில் ஒற்றைத் தேதியில் கிழக்குப் பக்கமும் இரட்டைத் தேதியில் மேற்குப் பக்கமும் வண்டி நிறுத்த வேண்டும். எந்தப் பக்கத்துக் கடைவாசலும் எந்நாளும் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் தேதி பார்த்து வண்டி நிறுத்துகிற ஆள் யார் இருக்கிறார்கள்? நேற்று அந்தப் பக்கம் என்றால் இன்று இந்தப் பக்கம். அவ்வளவுதான் ஜனங்களின் கணக்கு. முப்பத்தொன்றோடு முடிகிற மாதத்தில்தான் தொல்லை. முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றை. இரண்டு நாளும் கிழக்கேதான். தெருவே ஒன்று சேர்ந்து மேற்கில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தும். அப்படிப்பட்ட ஒன்றாம் தேதிகளில் நாங்கள் இரண்டு பேரும் காலையிலேயே திட்டு வாங்கத் தயாராகிவிடுவோம்.

கிழக்குப் பக்கத்தில் பெரிய பாத்திரக்கடை வைத்திருந்தார் ஒரு அண்ணாச்சி. பனங்காட்டு ஊரிலிருந்து வந்து, தலையில் அலுமினியப் பானை சுமந்து விற்று, அந்தக் கடைக்கு முதலாளியானவர். எங்கள் சூப்பர்வைசரோடு அவருக்கு இருந்த சிநேகிதத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். காலை டீ அவர் கடையில்தான். உட்காரும்போது அண்ணாச்சி ஸ்டூலை இழுத்து இவருடைய இடது பக்கம் போட்டுக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார். கேட்கிற காது எது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அவருக்கு நன்றாகவே தெரியும்.

அன்று நவம்பர் ஒன்று. தீபாவளி நெருங்கிவிட்டது, தெருவில் ஊசி குத்த இடமில்லை. சகல புனிதர்கள் திருநாள் பூசைக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார் சூப்பர்வைசர். முந்தின நாள் முழுக்கத் தன் வாசலை வண்டிகள் மறித்து, சீர்ப் பாத்திரம் வாங்க வந்த கூட்டம் எதிர்க்கடைக்குப் போனதில் அண்ணாச்சி கொதித்துப் போயிருந்தார். இன்றைக்கு என் வாசலில் ஒரு வண்டி நிற்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார். தேதியைச் சொல்லிப் பார்த்தார் இவர். அவர் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சிக்கு நல்லவேளையாக ஜனங்களும் வழக்கம்போல மேற்கிலேயே நிறுத்தினார்கள். நாங்கள் அந்த வண்டிகளை ஒவ்வொன்றாகக் கிழக்கே மாற்றத் தொடங்கியிருந்தோம். அண்ணாச்சியின் வாசலுக்கு இன்னும் வரவில்லை.

அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்து விவசாயி ஒருவர் பழைய மொபெட்டில் வந்தார். பின்னால் மனைவி. மகளின் தலைதீபாவளிக்குப் பாத்திரம் வாங்க வந்தவர்கள், அதே அண்ணாச்சி கடையில்தான். எந்தத் தேதிக்கு எந்தப் பக்கம் என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தார், ஒன்றாம் தேதி என்று நினைத்தார், கிழக்கே அந்த வாசலில் வண்டியை நிறுத்தினார். அத்தனை கூட்டத்தில் தானாகச் சரியாக நிறுத்திய ஒரே மனிதர் அவர்தான். கடை ஆட்கள் வண்டியை எட்டி உதைத்தார்கள். அது மனைவியின் காலில் விழுந்தது. அவர் ஏன் என்று கேட்டார். அவ்வளவுதான். ஒருவன் கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்கினான், ஒருவன் வயிற்றில் மிதித்தான். தப்பாக நிறுத்தியிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்து, தெருவே மேற்கே நிறுத்தும்போது உனக்கு மட்டும் என்ன என்று ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். பித்தளைக் கரண்டியால் ஒருவன் அவர் முழங்கையில் அடித்ததில் எலும்பு விலகியது எனக்குக் கண்ணால் தெரிந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்தபடியே கத்திக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் கூட்டத்தை நெற்றியால் பிளந்துகொண்டு போனார். நான் மிஷினைச் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். எனக்கும் முதுகில் விழுந்தது. தரையில் கிடந்தவரை மிதித்துக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்ததும் இவர் குனிந்து, அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். அண்ணாச்சி முன்னால் வந்து நின்று, அவனைக் கீழே போடு, இன்றைக்கு மேற்குப் பக்கம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல், போய்விடுகிறேன் என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இன்னைக்கு ஒண்ணாந் தேதி அண்ணாச்சி. இந்த ஆளு நிறுத்துனதுதான் சரி" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணாச்சியின் கை ஓங்கியதை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். காதைப் பொத்த வேண்டுமென்றால் தூக்கி வைத்திருக்கும் மனிதரை அந்தக் கால்களுக்கு நடுவில் விட வேண்டும். அவர் விடவில்லை. அறை விழுந்தது. அவர் தள்ளாடினாரே தவிர, பிடித்த கை தளரவில்லை. காதிலிருந்து வழிந்த இரத்தம் பூசைக்குப் போட்டு வந்த சட்டையின் தோளில் பரவியது. அதைப் பார்த்ததும்தான் அண்ணாச்சிக்கு எந்தக் காது என்று உறைத்தது. தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. விவசாயியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கடைசி வண்டி கிழக்கே மாறும்வரை சூப்பர்வைசர் தெருவிலேயே நின்றார். சாயங்காலம் போன் அடித்தது. வழக்கம்போலச் சந்துக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, அணைத்துவிட்ட போனை என் கையில் கொடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தார். அடிபட்டும் அசராத அந்த மனிதர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

காது முழுவதுமாகப் போய்விட்டது. போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்லி நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பெரிய மனசு என்று தெரு பேசியது. அவர்களுக்கு அவரைத் தெரியாது. காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்த மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே பாத்திரக்கடைக்குள் போனார். அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டே எழுந்தார். அந்தக் கும்பிட்ட கையை விலக்கிவிட்டு, மூக்கில் ஒரே குத்து. அண்ணாச்சி பின்னால் அடுக்கியிருந்த குடங்களோடு சேர்ந்து விழுந்தார். தரையெல்லாம் இரத்தம். கடை ஆட்கள் பாய்ந்து வந்தபோது, விழுந்து கிடந்த அண்ணாச்சியே வேண்டாம் என்று கையைக் காட்டினார். தன் குரல் தனக்கே கேட்காததால் சூப்பர்வைசர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"காதுல அடிக்கத் தெரியாம இல்ல, அண்ணாச்சி. அதுல மட்டும் யாரையும் அடிக்கக் கூடாது."

பிறகு உருண்டு கிடந்த குடங்களைக் குனிந்து எடுத்து அடுக்க ஆரம்பித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாச்சியும் சேர்ந்து அடுக்கினார். அவர்களுக்குள் அத்தோடு தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. இன்றுவரை அந்தக் கடையில் ஒரு கரண்டி வாங்கியதில்லை. யாராவது வாங்கப் போனாலும் தடுத்துவிடுகிறேன்.

இப்போது மார்க்கெட் பக்கம் அடுக்குமாடி வண்டி நிறுத்தம் வந்துவிட்டது. கேட்டில் ஒரு தடுப்புக் கம்பி ஏறி இறங்குகிறது, மேலே கேமரா. அங்கே நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் யாரையும் அடிப்பதில்லை. சட்டை கிழியாமல் வீட்டுக்குப் போவது நல்லதுதான், அந்த நாட்கள் திரும்பி வர வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைத்ததில்லை. சூப்பர்வைசரை மட்டும் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் போயிருந்தபோது மகள் வீடியோவில் வந்தாள். அவர் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, சாப்பாடு, மழை, பக்கத்து வீட்டு நாய் என்று தன் பாட்டுக்குப் பேசினார். அவள் சைகை காட்டினாள், காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவருக்கு எல்லாம் புரிந்தது. கடைசியில் அவள் என்னைப் பார்த்து, அப்பாவைக் கவனித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் உதடு என் பக்கம் திரும்பிப் பேசியதை அவர் கவனித்துவிட்டார். போனைக் கீழே வைத்ததும் என் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏளா, அவ குரலு எப்படி இருக்கு? முன்ன மாதிரியேதான் இருக்கா?"

அந்தக் குரலை நான் முதல் தடவையாகக் கேட்டதே அன்றுதான். அத்தனை வருஷமும் அவர் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல்கூடச் சிந்தாமல் கேட்டவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் என் உதட்டைப் படிப்பதற்காக மெதுவாகச் சொன்னேன்.

"அப்படியேதான் இருக்கு அண்ணே."