கணுக்காலளவில் ஒரு கேமரா

சக்குபள்ளத்துக்கு மேலே, வீட்டை ஒட்டி எங்களுக்கு அரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் மூன்று தடவை, மறுநாள் எடுக்கலாம் என்று விட்டிருந்த விளைந்த காய் விடிவதற்குள் காணாமல் போனது.

"எந்த வரிசை வெளஞ்சிருக்குன்னு அவளுக்குத்தானே தெரியும்?" என்றாள் என் மனைவி. பன்னிரண்டு வருடமாக எங்களுக்குக் காய் எடுக்கும், பக்கத்துத் தொழிலாளர் லயத்துப் பெண்ணைத்தான் சொன்னாள். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் கிளம்பும்போது பையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"சனிக்கிழமையோட நின்னுக்கிறேண்ணே" என்றார் அந்தப் பெண் என்னிடம். நான் அவர் காலைப் பார்த்தபடி நின்றேன். யாரிடம் பேசினாலும் எனக்கு அப்படித்தான். முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது.

மறுநாள் நானும் மனைவியும் குமுளியில் ஒரு கேமராக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று, ஆள் வந்ததும் பளிச்சென்று விளக்கைப் போட்டு, இருட்டிலும் கலரில் படம் எடுக்கும். இன்னொன்று சத்தமில்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுக்கும்.

"கலரே வாங்குவோம். முகம் நல்லாத் தெரியும்" என்றாள் மனைவி.

"அதான் அக்கா நல்லது. வெளிச்சத்தப் பாத்தாலே கள்ளன் ஓடிருவான்" என்றார் கடைக்காரர்.

நான் கறுப்பு வெள்ளையைத் தொட்டுக் காட்டினேன்.

"என்ன சேட்டா, கள்ளன் வராம இருந்தாப் போதும்ல?"

எனக்கு அது போதாது. அவன் வராமலே போனால் பழி அந்தப் பெண் மேலேயே நின்றுவிடும். அவன் ஒரு தடவையாவது வரவேண்டும். இதை மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கே பணம் கொடுத்தேன்.

கடைக்காரரே வந்து கூரை ஓரத்தில் மாட்டிக்கொடுத்தார். உயரத்தில் இருந்தால்தான் எல்லாம் தெரியுமாம். மறுநாள் காலையில் போனில் படத்தைப் பார்த்தால் ஆளுயர ஏல இலைகள் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன. வேறொன்றும் இல்லை. ஏலக்காய் இலைக்கு நடுவிலா காய்க்கிறது? செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. இது தெரிந்த நானே வாயை மூடிக்கொண்டு கூரைக்கு ஏணி பிடித்திருக்கிறேன்.

கேமராவைக் கழற்றி, மேல்வரிசையில் ஒரு குச்சி நட்டு, கணுக்காலளவில் கட்டினேன்.

"காலைப் போய்ப் படம் புடிச்சு என்ன செய்யப் போறீங்க? ஸ்டேஷன்ல செருப்பு நம்பரக் குடுப்பீங்களா?" என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை போனில் அவன் இருந்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும். ரப்பர் செருப்பு, அதற்கு மேலே உறை எதுவும் இல்லாத கால். இரண்டு காய் பறிப்பான், ஒற்றைக்காலில் நொண்டி நொண்டி, காலைக் கடித்துத் தொங்கும் ஓர் அட்டையைப் பிய்த்து எறிவான். மறுபடி இரண்டு காய், மறுபடி நொண்டி.

"இது அந்தப் பிள்ளை இல்ல" என்றேன். "அது அட்டை ஏறாம இருக்கப் புகையிலைத்தூள் தேச்ச துணி உறையை முழங்கால் வரைக்கும் கட்டாம தோட்டத்துல கால் வைக்காது. வலது கட்டைவிரல் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும். இந்தக் கால் நம்ம பக்கத்து ஆள் யாரோடதும் இல்ல."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மனைவி பார்த்ததில்லை. படத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்த அந்தப் பெண்ணிடம் போனை நீட்டினாள்.

பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "யாருன்னு தெரியலக்கா. தோட்டத்துக்குப் புதுசு. பாவம், விடிய விடிய ரத்தம் குடுத்திருக்கான்."

"திங்கக்கிழமை வருவேல்ல?" என்றாள் மனைவி, போனைப் பார்த்துக்கொண்டே.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"வாரேன். ஆனா கேமராவ எடுத்துருங்கண்ணே. குனிஞ்சு வேலை பாக்கிற எடத்துல அது மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கும். கூச்சமா இருக்கு."

கூச்சம் என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். அன்றே குச்சியைப் பிடுங்கினேன். மறுவாரம் கடைக்காரரிடம் கொடுத்து, விளக்குப் போடும் கேமராவாக மாற்றி, வேலியைப் பார்க்க மாட்டினோம். இனி யாரும் வராமல் இருந்தால் போதும்.